படைத்த பால்கோவா

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஞானஸ்நானம் எடுத்த புதிது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்பதில் நான் மகா கறார். சபையில் மூத்தவர்களே என்னிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாயங்காலம் பால்கோவா கொண்டுவந்தார்.

“கோயில்ல படைச்சதாக்கா?” என்றேன், கையை நீட்டாமலே.

“ஏட்டி, பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது.”

அப்படியும் மனம் ஒப்பவில்லை. பொட்டலத்தை வாங்கி, கண்ணை மூடி, நீளமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே அக்காவும் பயபக்தியோடு கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

“உங்க சாமிக்குப் படைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு, முதல் விள்ளலை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் திம்பேன்.”