விலாவுக்குக் கீழே ஒரு கல்

நான் நாலாவது படிக்கையில் ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மதியமானால் பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அப்பா ஜீவனஹள்ளியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். தேய்க்க வந்த போர்வைகளையெல்லாம் மேலே போட்டும் நடுக்கம் நிற்காது. வியர்த்துவிட்டால் போதும், மறுநாள் கோலி ஆடப் போய்விடுவேன். அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரிலிருந்து வந்த அத்தைதான் என் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ இருந்தது.

“கட்டிடா தம்பி. சூடு வெச்சாத்தான் கரையும். எங்க பக்கம் சூடு வாங்காத புள்ள ஏது?” என்றாள் அப்பாவிடம்.

தன் அக்கா பேச்சை அப்பா தட்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியின் கரி நெருப்பில் மஞ்சள் கிழங்கைச் செருகினார். அது கருகும் வாசனை வந்ததும் ஓடப் பார்த்தேன். அத்தை காலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இடுக்கியோடு வந்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அத்தைக்கு எதிரே வாய் திறக்காத அம்மா, என் வயிற்றின்மேல் தன் கையை விரித்து வைத்தாள்.

“வெக்கறதுன்னா என் கை மேல வெய்யுங்க. மொதல்ல ஆஸ்பத்திரில ரத்தம் பாக்கட்டும், அண்ணி.”

“ஆமாமா, ஊசி போட்டா கல்லு கரைஞ்சு ஓடிடும்! உன் புள்ள, நீயே பாத்துக்கோ.”

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா வயிற்றைப் பூப்போலத் தொட்டுப் பார்த்தார். சூடு வைக்கப் பார்த்ததை அம்மா சொன்னதும் அப்பாவிடம் சத்தம் போட்டார்.

“மலேரியாப்பா. இது கட்டி இல்ல, மண்ணீரல். கிருமி பூந்த ரத்தத்த அங்க இருக்குற அணுங்க புடிச்சித் தின்னுது. வேல ஜாஸ்தி, அதான் ஊதிக்கிச்சு. சூடு வெக்கிறேன்னு அழுத்தினா உள்ளயே ஒடைஞ்சிடும். கொத்தாய்த்தா? புரிஞ்சுதா?”

என் காதில் விழுந்தது ‘தின்னுது’ ஒன்றுதான்.

கசப்பு மாத்திரையில் காய்ச்சல் நின்றது. பயம் நிற்கவில்லை. உள்ளே இருப்பது பசித்தால் என்னைத் தின்னும் என்று, அதற்கும் சேர்த்துச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றேன். பிள்ளை தேறிவிட்டான் என்று அம்மா பூரித்துப்போனாள். நாளாக ஆகக் கல் சிறுத்து, கைக்கு அகப்படாமல் போயிற்று. எல்லோரும் போய்விட்டது என்றார்கள். இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டது என்று நான் மூச்சை அடக்கிக் கிடந்தேன். எனக்காகச் சண்டை போட்டு வீங்கியது, வேலை முடிந்து தன் இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.