விழாமல் ஒடிந்த முதுகு

முதுகெலும்பு ஒடிந்த அன்று நான் கீழே விழவில்லை. அதனாலேயே யாரும் நம்பவில்லை.

அனுமந்தன்பட்டியில் பாதிரியார் நடத்திய கோயில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்து மூன்று. மழைச்சாரல் உள்ளே அடிக்கிறதே என்று குனிந்து ஒரு பலகையை நகர்த்தினேன். நடுமுதுகில் காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே இருந்தார்கள். மூச்சு இழுக்க முடியாமல் பலகையைப் பிடித்தபடி நின்றேன்.

கணவர் காலராவில் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மலைமேல் நடந்த அணைக்கட்டு வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றும் வண்டிகள் மருமகனுக்கு இருந்தன. ஆகையால் வீட்டில் நான் மட்டும்தான்.

வாயுப் பிடிப்பு என்றார்கள் சிலர். வேலைக்கு மட்டம் போடுகிறேன் என்று சொன்னவர்களும் உண்டு. எண்ணெய் தேய்த்துவிட வந்தவள் நான் போட்ட கூச்சலில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரிதான் உத்தமபாளையத்திலிருந்து ஒடிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரை வரவழைத்தாள். அவர் ஒற்றை விரலை முதுகில் மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒடிஞ்சிருச்சு தாயி. வயசு ஏறுனா சில பொம்பளைகளுக்கு எலும்பு உளுத்துப்போகும். உளுத்த மூங்கி தன் பாரத்துலயே நசுங்குமில்ல, அது கணக்கா."

பழையபடி எப்போது ஆவேன் என்று கேட்டேன். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பதில் சொன்னார்.

"வலி ரெண்டு மூணு மாசத்துல அடங்கும். கூனு நிமிராது. ஒண்ணு போனா அடுத்ததும் போகப் பாக்கும். ஒடனே உசுருக்குப் பயமில்ல. ஆனா படுத்தே கெடந்தீகன்னா கேடு. நடக்கணும்."

மகள் வந்து பத்து நாள் இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், துணி அலசினாள். கிளம்பும் காலையில், "ஆத்தா, எங்ககூட வந்துருறியா?" என்று கேட்டாள். இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று இருந்தேன். அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

மூன்றாம் மாதம் வலி அடங்கியது. வைத்தியர் சொன்னது பலித்ததே என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். நல்ல பெண். எழுந்து நின்று, உட்காருங்கள் என்றாள். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வருஷத்து மார்கழியில் ஒரு இருமல். அந்த இருமலிலேயே இரண்டாவது எலும்பு போயிற்று. அதற்குப் பிறகு விலா எலும்பு இடுப்பில் வந்து இடித்தது. வயிறு மடங்கியதால் நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. புடவை தரையில் புரண்டது. ஒரு சாண் மடித்துத் தைத்துக்கொண்டேன். கோயிலில் பீடம் தெரியாது, முன்னால் இருப்பவர்களின் குதிகால்கள்தான் தெரியும். என்னைப் பற்றி என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். "வாத்தியாரம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பார்கள். நான் அங்கேதான் நிற்பேன்.

நடக்கச் சொன்னாரே என்று தினம் காலையில் வாய்க்கால் கரை வரைக்கும் போய் வந்தேன். ஒரு சந்தை நாளில் எதிரே, என்னைப் போலவே தரையைப் பார்த்தபடி ஒருத்தி வந்தாள். இரண்டு பேரும் மோதிக்கொள்ளப் பார்த்தோம். தலையில் கீரைக் கூடை வைக்க முடியாமல் இடுப்போடு கட்டியிருந்தாள்.

"ஏத்தா, ஒனக்கு எம்புட்டு வருசம்?" என்றாள்.

மூன்றாவது வருஷம் என்றேன்.

"எனக்குப் பதினாலு."

பதினாலு வருஷம். அந்த எண்ணைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. நின்றபடி முகம் பார்க்க முடியாததால் இருவரும் கரைச் சரிவில் சாய்ந்துகொண்டோம். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குத்தி போட்ட, சிரித்த முகம். நாலு எலும்பு போயிருக்கும் என்று தானே கணக்குச் சொன்னாள். முதல் ரெண்டு வருஷம் செத்துப்போகலாம் என்று இருந்ததாம். பிறகு புதிதாக ஒடியும்போது மட்டும்தான் அந்த நினைப்பு வருமாம். இருமல் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு இருமச் சொன்னாள், ஒரே தடவையாகத் தின்னாமல் பிரித்துத் தின்னச் சொன்னாள். எந்த வைத்தியரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

நாலு வருஷம் சந்தை நாள்தோறும் அந்தச் சரிவில் சாய்ந்து பேசினோம், எழும்போது ஒருத்தியை ஒருத்தி கைபிடித்துத் தூக்கிவிட்டோம். வேறு யாரோடும் நான் அத்தனை பேசியதில்லை.

ஒரு கோடையில் அவள் வரவில்லை. மூன்று சந்தை பார்த்துவிட்டு, இன்னொரு கீரைக்காரியிடம் விசாரித்தேன்.

"காய்ச்சல்ல போய்ட்டாக. முதுகுனால இல்ல," என்றாள்.

முதுகினால் இல்லை என்றதும் முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டேன். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அழும்போதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மூன்றாவது எலும்பும் போய்விட்டது. இதை எழுதும்போது அரைமணிக்கு ஒரு தடவை படுத்து எழ வேண்டியிருக்கிறது. மலைமேல் அணை கட்டி முடிந்து, அந்தத் தண்ணீர் ஆற்றில் வந்துவிட்டது. ஊரே போய்ப் பார்த்தது, மகளும் மருமகனும் வண்டி கட்டி வந்து பார்த்துவிட்டு, போகிற வழியில் என்னையும் பார்த்தார்கள். நான் வெயில் ஏறுவதற்கு முன் கரை வரைக்கும் நடக்கிறேன். சரிவில் சாய்ந்தால் எழுப்பிவிட ஆள் இல்லை. அதனால் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.