குளிப்பாட்டி அனுப்பிய தண்ணீர்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றால் வெள்ளைக் கோட்டு நினைவுக்கு வரும். உண்மையில் பாதி நாள் பாட்டில் கழுவுவதுதான் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கல்யாண வீட்டில் “அதுக்கு என்ன வேலைங்க குடுப்பாங்க?” என்ற கேள்விக்குத் தலை நிமிராமல் சாப்பிட்டவர்கள் உங்களில் இருந்தால், நாம் ஒரே பந்தி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆளும், இந்தக் கூடத்துக்குள் வந்த முதல் ஆளும் நான். அடுத்து, பிளஸ் டூ முடித்த தங்கை தேன்மொழி தனக்கும் கெமிஸ்ட்ரிதான் வேண்டும் என்று நின்றாள். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அப்பா ஒப்பவில்லை. “ஒருத்தி பாட்டில் கழுவறது பத்தாதா சாமி? ரெண்டு பேரும் கழுவோணுமா?” என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைக் காட்டித்தான் அவளுக்கு மறுப்பு. அதனால் அந்த வாரங்களில் கூடத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் எங்கள் பக்கத்துச் சாட்சியாகவே பார்த்தேன்.

சூடான பாட்டில்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. கூடத்தில் பதிவேடு எழுதும் செல்வி அக்கா சொல்லிக் கேட்டது. ஒருவர் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்தாராம். வாங்கிய அக்காவுக்குக் கை சுட்டிருக்கிறது. விசாரித்தால், தண்ணீரைக் கொதிக்கவைத்து, துண்டில் வடிகட்டி, ஆறுவதற்குள் எடுத்து வந்திருக்கிறார். கொதித்தால் உப்பில் ஒரு பகுதி சட்டியின் அடியிலேயே படிந்துவிடும். பிறகு சோதித்து என்ன பயன்?

இதை வீட்டில் சொன்னபோது தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று செல்வி அக்கா கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன பதில்: “பரீட்சைக்குப் போற புள்ளயக் குளிப்பாட்டித்தானுங்க அனுப்புவோம்?”

வேகாத பருப்பு

ராசிபுரத்தில் ஓட்டல் வைத்திருக்கும் காஜா பாய் தண்ணீரோடு ஒரு பொட்டலம் துவரம் பருப்பையும் மேசைமேல் வைத்தார். “ரெண்டுல ஒண்ணு குத்தவாளிம்மா. கண்டுபிடிச்சுக் குடு.” புது போர் போட்டதிலிருந்து பருப்பு வேகவில்லையாம். மாஸ்டர் பருப்பைத் திட்டுகிறார், பருப்புக் கடைக்காரர் மாஸ்டரைத் திட்டுகிறார்.

தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தது. அது பருப்பை இறுக்கிவிடும், வேகவிடாது. “கேன் தண்ணியில ஒரு பிடி வேக வெச்சுப் பாருங்க பாய்” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாம்பார் வாளியோடு வந்தார். நான் கரண்டி வைத்த இடத்தில் பருப்பு கரைந்தது. பாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “மூணு கடைக்காரங்ககிட்டச் சண்டை போட்டம்மா. தண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

என் தப்பு

சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மஞ்சள் பயிரிட்டிருந்த ஒரு விவசாயிக்கு அறிக்கை கொடுத்து அனுப்பிய பிறகு, குடுவையைச் சரியாகக் கழுவாமல் அளந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. மீதித் தண்ணீரைத் திரும்பச் சோதித்தேன். தப்புதான், உப்பை அதிகமாகக் காட்டியிருந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று அவருக்கே போன் செய்து சொன்னேன். அவர் கேட்டார்: “ஏனுங்க, தப்புன்னு நீங்களாவே கூப்பிட்டுச் சொல்றீங்களே, வேலைக்குப் புதுசுங்களா?”

மஞ்சள் நிறம்

அப்பா வேலை செய்யும் பண்ணையின் தொட்டித் தண்ணீரில் கிருமி இருப்பதைக் கண்டு, தினமும் ப்ளீச்சிங் பவுடர் போடச் சொன்னவள் நான்தான். பத்து நாள் கழித்து, காலையில் அப்பா சாதாரணமாகப் பேசுவதற்குப் போனில் கூப்பிட்டார். “கோழிக்கு இன்னிக்குத் தடுப்பு மருந்து சாமி. தாகத்துல மருந்தைச் சீக்கிரம் குடிக்கட்டும்னு தண்ணியை நிறுத்தி வெச்சாச்சு. மருந்து ஐஸ்ல இருக்குது. இப்பத் தொட்டித் தண்ணியில கலக்கோணும்.”

அந்த மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. ப்ளீச்சிங் பவுடரில் உள்ள, கெட்ட கிருமியைக் கொல்லும் குளோரின் இதையும் கொன்றுவிடும். மருந்து குடித்தும் குடிக்காத மாதிரிதான். பின்னால் கோழிகளுக்கு நோய் வந்தால் கலக்கிய அப்பாமேல்தான் பழி விழும். “கலக்காதீங்கப்பா!” என்று கத்தினேன். அப்பாவின் பக்கத்தில் நின்ற பண்ணை முதலாளியின் குரல் கேட்டது: “ஐஸு கரையுது, உம் புள்ளைக்கு என்னய்யா?”

நான் இருந்தது நாமக்கல்லில், கூடத்தில். வீட்டிலிருந்து பண்ணை நடக்கிற தூரம். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் சொட்டுத் திரவம் ஒன்றை வீட்டில் வைத்து, தேன்மொழிக்குச் சும்மா காட்டியிருந்தேன். அவளைக் கூப்பிட்டேன். அதை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினாள். ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் போரிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீர். இரண்டிலும் சொட்டு விட்டாள். முதலாவது எல்லோரும் பார்க்க மஞ்சளானது. இரண்டாவது அப்படியே இருந்தது. “மஞ்சளானா குளோரின் இருக்குதுங்க. அதுல கலந்தா மருந்து செத்துப்போயிருங்க” என்று அவள் முதலாளியிடம் சொன்னது எனக்குப் போனில் கேட்டது.

முதலாளி பண்ணை டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் அதையே சொல்லி, போர் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து, மருந்து வீரியம் இழக்காதிருக்கக் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் சேர்த்து மருந்தைக் கலக்கச் சொன்னார். ஐஸ் கரைவதற்குள் வேலை முடிந்தது. “மருந்து போடற நாள்ல ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்னு முன்னாடியே சொல்லாதது என் தப்புப்பா” என்றேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் தேன்மொழியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “செரி, ரெண்டு பேருமே கழுவுங்க.”

அதன்பின் ஒருநாள் பழைய பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்த்ததில், ‘பாட்டில் சூடு’ என்று செல்வி அக்கா குறித்திருந்த வரியில், தண்ணீரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட்ட இடத்தில், தேன்மொழியின் விண்ணப்பத்தில் அப்பா போட்ட அதே கையெழுத்துத்தான் இருந்தது என்பதால், எங்கள் வீட்டிலிருந்து இந்தக் கூடத்துக்கு முதலில் வந்த ஆள் நான் இல்லை என்பதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.