எண்ணெய் வழித்த வெண்கலம்

ஜெர்மனிக்கு வந்தும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை நான் விடவில்லை. முழுகி முடிந்ததும், வழுக்குகிற தொட்டியைத் திட்டிக்கொண்டே தேய்த்துக் கழுவுவது மனைவி.

ஒரு காலத்தில் ரோமர்கள் ஆண்ட ட்ரியர் நகர அருங்காட்சியகத்தில் அரிவாள் போல் வளைந்த வெண்கலத் துண்டு ஒன்றிருந்தது. ரோமர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, அதை இதனால் வழித்துவிட்டுத்தான் குளிப்பார்கள் என்றார் வழிகாட்டிப் பெண். கூட வந்த ஜெர்மன்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

"பாத்தீரே, எவ்வளவு நாகரிகமான சனம்!" என்றேன் மனைவியிடம்.

"அவை குளிச்ச இடத்தை ஆர் தேய்ச்சுக் கழுவினது எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

"அடிமைகள்" என்றார் வழிகாட்டி.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் தொட்டியை நான்தான் தேய்க்கிறேன்.