இரைச்சலை ஒழித்த கதை

ஐம்பது வயதில் சிலருக்குப் பக்தி வரும். எனக்கு பேஸ் கிட்டார் வந்தது. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை மாற்றினேன், உள்வயர்களை மாற்றினேன். கடைசியில் அதில் பழையதாக எஞ்சியது வாசிப்பவன் மட்டும்தான். அப்படியும் அம்ப்ளிஃபயரில் 'உம்'மென்ற இரைச்சல் போகவில்லை. ஊரில் நாங்கள் செய்வதுபோல அதன் பிளக்கைத் திறந்து, கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் ஏர்த் வயரைக் கழற்றிவிட்டேன். இரைச்சல் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பக்குரங்காவில் ஒரு கலியாண மண்டபம். எங்கள் கச்சேரிக்கு முன் கிட்டாரோடு நின்று ஒலி சரிபார்த்தபோது, மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்றது.

"என்ரை பாட்டுக்கு மைக்கே கடிக்குது" என்றேன்.

"அதுக்கும் ரசனை இருக்குத்தானே அண்ணை!" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் சிவா.

சிரித்துக்கொண்டே கிட்டாரைக் கழற்றி வைத்தேன். திரும்பினால், என் மகள் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். விரல்கள் கம்பியில் இருந்தன. உதடு மைக்கை நெருங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த ஏர்த் வயர் உறைத்தது. அம்ப்ளிஃபயரில் கசியும் மின்சாரத்துக்கு இனி அவளுடைய உடம்புதான் வழி.

"தொடாதை!"

கத்திக்கொண்டே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"அப்பா! எவ்ரிவன் இஸ் லுக்கிங்!"

வீடு திரும்பும்போது காரில் காரணத்தைச் சொன்னேன். பின் சீற்றிலிருந்து முறைத்தவள் இன்னும் மோசமாக முறைத்தாள். கண்ணாடியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி ஓட்டினேன். என்னை முறைக்க அவள் இருந்தாள்.