அப்பாவின் உள்ளங்கைக் காயம்

எலிக்குக் கேட்ட மருந்து அப்பாவுக்கும் கேட்கும் என்று நான் நம்பியதற்கு என் படிப்புதான் காரணம். படிக்காமல் இருந்திருந்தால் அம்மாவைப் போல சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அப்பாவின் நுரையீரல் தழும்பேறிக்கொண்டிருந்தது. பெரம்பலூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "காரணம் தெரியலம்மா. உள்ள வடு விழுந்து இறுகிக்கிட்டே போவுது" என்றார். வாலிகண்டபுரத்தில் எங்கள் வயல் கூப்பிடு தூரம்தான். அதற்குள் அப்பா வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பட்ட காலிலே படும் என்பது சரிதான். அவருக்குக் காலிலும் ரத்தம் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்று, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. திருச்சியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், நுரையீரல் புண்ணான எலிகளுக்கு அதே வகை மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தத்தை உறைய வைக்கிற பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திசுவில் கட்டிப்போட்டது போலக் கிடக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியை அது அவிழ்த்துவிடும். அவிழ்ந்த காரணி செல்களை முடுக்கி, நார் நாராக வடுவைப் போட வைக்கும். மருந்து அந்தப் பொருளை அடக்கினால் காரணி அவிழாமலே கிடக்கும். எங்கள் எலிகளுக்கு வடு குறைந்தது.

டாக்டரிடம் கேட்டேன். "எலிக்குச் சரிம்மா. மனுசனுக்கு விழுந்த வடு இதுல போவும்னு நம்பாதீங்க. காலுக்குத்தான் குடுக்குறோம்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

அப்பாவிடம் விளக்கினேன். அவர் சிரித்து, வேட்டியை விலக்கி முழங்காலில் மண்வெட்டி பட்ட பழைய தழும்பைக் காட்டினார்.

"தழும்பு விழலன்னா காயம் எப்படி ஆறும் ஆயி? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க."

வீம்புக்காரர். மூச்சு முட்டினாலும் மாட்டுக்குச் சோளத்தட்டை அறுக்காமல் இருக்கமாட்டார். ஒருநாள் அரிவாள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வெட்டு பட்டால் வரப்போரம் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவார்கள், ரத்தம் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. கட்டிய துணி நனைந்துகொண்டே இருந்தது. ரத்தம் தண்ணியாகப் போய்விட்டது என்று தெருவே பேசியிருக்கிறது. இத்தனை வருடமாகக் கேட்ட பச்சிலை கேட்காமல் போனால் அவர் யாரைச் சந்தேகப்படுவார்? புதிதாக வந்த மாத்திரையைத்தான். என்னிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார்.

மாத்திரையை நிறுத்தியதும் கை ஆறிவிட்டது என்று அம்மா வெகு நாள் கழித்துப் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். நான் கத்திவிட்டேன். அப்பா போனை வாங்கினார்.

"மாத்திரைய நிறுத்துனேன், ரத்தம் நின்னுடுச்சு. இதுல எது மருந்து, நீயே சொல்லு."

"காலுல கட்டி இருக்குப்பா. அது மேல ஏறிடும்."

"சரி ஆயி, அழுவாத. ராத்திரிலேர்ந்து போட்டுக்கிறேன்."

எனக்கு நம்பிக்கையில்லை. மாத்திரையை அவர் விழுங்குவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று அப்போதே பஸ் ஏறினேன். சிறுவாச்சூரில் பஸ் நின்றபோது ஊரிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் போனில் கூப்பிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அப்பா தொட்டியருகே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கால் கட்டி நுரையீரலை அடைத்து உயிர் போய்விட்டது என்றார்களாம். பஸ்ஸில் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அம்மன் மேலும் ஆத்திரம், எங்கள் எலிகள் மேலும் ஆத்திரம்.

மறுநாள் அப்பாவின் தலையில் எண்ணெய் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். அம்மா அந்த விரல்களை மெல்லப் பிரித்துக் காட்டினாள்.

"பாரு, எவ்வளவு நல்லா ஆறியிருக்கு."

நன்றாகத்தான் ஆறியிருந்தது. தழும்பு ஒழுங்காக விழுந்திருந்தது.