மைத்துனரின் கல்வெட்டுக்கு ஓர் ஆங்கில வரி

என் தங்கையின் கணவர் மறைந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று உற்றார் முன் வாசித்து, வந்தோர்க்கு வழங்கும் நினைவு நூலை நாங்கள் கல்வெட்டு என்போம். அதனை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கனடாவிலிருந்து தங்கையின் மகன், என் மருமகன், தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, முன்பக்கத்திலை இங்கிலிசிலை ஒரு வரி போடுங்கோ. என்ரை பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பா கடைசிமட்டும் முயற்சி செய்தவர் எண்டு வந்தால் காணும்.”

“நான் பள்ளியிலை இங்கிலிசு படிச்சவன் இல்லைத் தம்பி.”

“பின்னை அந்த டிக்சனறியை ஏன் மாமா உப்பிடித் தேய்ச்சு வைச்சிருக்கிறியள்?”

காங்கேசன்துறைக்கு அருகே, போர்க்காலத்தில் பிடித்து வைத்திருந்த மைத்துனர் குடும்பத்தின் காணியைப் படையினர் விடுவித்தபோது அங்கே வீடு இருக்கவில்லை. மைத்துனரின் தகப்பனார் வெட்டுவித்த கிணறு, இடிந்த சுவர்க் கற்களால் நிரவப்பட்டுக் கிடந்தது. மைத்துனர் புத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிச் சென்று, கூலியாள் எவரையும் சேர்க்காது, அக்கற்களைத் தம் கைகளாலேயே அகற்றி வந்தார். தண்ணீரைக் காணுமுன்னரே கிணற்றடியில் நெஞ்சுநோவால் விழுந்தார்.

முயற்சிக்கு ஆங்கிலச் சொல் தேடி, அகராதியில் முதலில் ‘ஸ்ட்ரைவ்’ என்ற சொல்லைப் பார்த்தேன். அதன் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் சண்டையைக் குறித்ததாம். மைத்துனர் பேருந்தில் இருக்கைக்குக்கூட எவரோடும் வாதிட்டவரல்லர். அடுத்து ‘எண்டெவர்’. ஒருவன் தன்னைத் தானே கடமையில் நிறுத்திக்கொள்ளுதல் என்ற தொடரிலிருந்து அது பிறந்ததாம். பலித்ததா இல்லையா என்ற கேள்வி அச்சொல்லின் பிறப்பில் இல்லை. அதனையே வரியில் அமைத்து, கீழே ‘கடைசிவரை தம்மைக் கடமையில் நிறுத்திக்கொண்டவர்’ என்று தமிழிற் பொருளும் எழுதி, தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

“கடமையோ? ஆருக்கு, அண்ணை?” என்றாள்.

நான் தாளைக் கீழே வைத்தேன்.

“கிணத்துக்குக் கடமை இருந்தது, சரி. பின்னேரம் முழுக்க வாசற்படலையைப் பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு இல்லையோ? ‘நெஞ்சு நோகுதெண்டு சொன்னியள், இண்டைக்கு நில்லுங்கோ’ எண்டு மறிச்சனான். ‘நாலு கல்லுத்தான், வந்திடுறன்’ எண்டு சிரிச்சுக்கொண்டு போனவர்.”

அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுக்காதேங்கோ. பேரப்பிள்ளையள் அப்பப்பாவை அப்பிடியே அறியட்டும். எனக்கு முன்னாலை மட்டும் வாசிக்காதேங்கோ.”

அந்தியேட்டியன்று முற்றத்துப் பந்தலில், அவருடைய பிறப்பும் குலமும் கூறும் இரண்டாம் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கினேன்.

“மாமா, முன்பக்கத்து வரியை விட்டிட்டியள்!” என்றது கைத்தொலைபேசித் திரையிலிருந்து மருமகனின் குரல்.

“ஓம் தம்பி” என்று மட்டும் சொல்லி மேலே வாசித்தேன். தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை.